மாறிவிட்ட ட்ரம் கோரில் மகளைச் சேர்க்கலாமா?

கேள்வி: டல்லாஸ் பக்கத்தில் இருக்கிறோம். மகளுக்கு 17 வயது. பள்ளி மார்ச்சிங் பேண்டில் மெலோஃபோன் என்ற பித்தளை ஊதுகருவி வாசிக்கிறாள். டிசம்பரில் ஒரு ட்ரம் கோருக்கு (பித்தளை, ட்ரம், கொடியோடு கோடை முழுக்க ஊர் ஊராகப் போய்ப் போட்டியிடும் இளைஞர் அணி) ஆடிஷன் போய்விட்டு வந்தாள், இப்போது இடம் கிடைத்து கான்ட்ராக்ட் வந்திருக்கிறது. மே கடைசியில் கிளம்பினால் ஆகஸ்டில்தான் வீடு திரும்புவாள். பஸ்ஸிலும் பள்ளி ஜிம் தரையிலும்தான் தூக்கம், ஃபீஸ் ஐயாயிரம் டாலருக்கு மேல். அவள் அப்பாவுக்கு அரை மனது. இதற்கிடையில் அவளுடைய பேண்ட் ஆசிரியர், 1980-களில் தானே கோரில் வாசித்தவர், "நாங்கள் இருந்த கோர் இல்லை இது. பியூகிள் போச்சு, யூனிஃபார்ம் போச்சு, மைக்கும் டான்ஸும்தான் மிச்சம். பழைய கோர்களையே ஒவ்வொன்றாக மூடுகிறார்கள்" என்று சொல்லிவிட்டார். பாரம்பரியமே போய்விட்ட ஒன்றுக்கு இவ்வளவு பணத்தையும் ஒரு கோடையையும் கொடுக்கலாமா? பயமாகவும் இருக்கிறது, அவள் முகத்தைப் பார்த்தால் வேண்டாம் என்று சொல்லவும் முடியவில்லை. (பெயர் வேண்டாம்.)

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் உங்கள் மகளுக்கு என் வாழ்த்தைச் சொல்லிவிடுங்கள், அந்த இடம் சுலபத்தில் கிடைப்பதில்லை. என் பதிலையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்: அனுப்புங்கள். ஆனால் கான்ட்ராக்டில் கையெழுத்து போடுவதற்கு முன்னால் சில கேள்விகளைக் கேட்டு, பதில் வாங்கிக்கொண்டு அனுப்புங்கள். ஆசிரியர் சொன்ன மாற்றங்கள் எல்லாமே உண்மைதான், அவர் எதையும் கூட்டிச் சொல்லவில்லை. ஆனால் பிள்ளைகளின் வாழ்க்கையைத் தொட்ட மாற்றங்கள் மைதானத்தில் கண்ணுக்குத் தெரிபவை இல்லை, அவற்றைப் பற்றித்தான் நீங்கள் கேட்க வேண்டும்.

நான் 2002, 2003 இரண்டு கோடையிலும் ஒரு கோரில் மரிம்பா (மரக்கட்டைகளைக் குச்சியால் தட்டி வாசிக்கும் வாத்தியம்) வாசித்தவன். வயது வரம்பான 21 தாண்டியதும் வெளியே வந்து, அன்றிலிருந்து பள்ளி பேண்டுகளிலும் கோடைக்காலத்தில் கோர்களிலும் தாள வாத்தியம் சொல்லிக்கொடுத்து வருகிறேன்.

முதலில் இந்தப் பாரம்பரியம் எது என்று பார்ப்போம். நம் ஊரில் குடியரசு தின அணிவகுப்பில் என்.சி.சி. பிள்ளைகள் ஊதுவார்களே, பித்தான் எதுவும் இல்லாத பியூகிள், கூடவே தோளில் மாட்டிய ட்ரம், ஏறக்குறைய அதுதான் தொடக்கம். முதல் உலகப் போர் முடிந்ததும் அமெரிக்கன் லீஜன் போன்ற முன்னாள் படைவீரர் சங்கங்கள், ராணுவத்தில் மிஞ்சிய பியூகிளையும் ட்ரம்மையும் வைத்துக் குழுக்கள் அமைத்தன. அப்புறம் கத்தோலிக்கப் பங்குகள் (ஒரு தேவாலயத்தைச் சேர்ந்த சமூகங்கள்), சாரணர் குழுக்கள் என்று எல்லாரும் தங்கள் தெருவில் இருந்த பிள்ளைகளைச் சேர்த்து அதையே செய்தார்கள். கொடி, விறைப்பான நடை, தொப்பியில் இறகு, இதெல்லாம் அங்கிருந்து வந்தது. 1971-ல் சில கோர்கள் படைவீரர் சங்கங்களின் விதிகளுக்குள் இனி அடங்க முடியாது என்று தனியாகக் கூடி டி.சி.ஐ. (ட்ரம் கோர் இன்டர்நேஷனல்) என்ற போட்டி அமைப்பைத் தொடங்கின, 1972-ல் விஸ்கான்சினில் முதல் சாம்பியன்ஷிப் நடந்தது. அதாவது உங்கள் ஆசிரியர் போற்றும் அந்த 1980-களின் கோரே, அதற்கு முந்தையவர்கள் "இது கோரே இல்லை" என்று திட்டியதுதான்.

பியூகிளை எடுத்துக்கொள்ளுங்கள். 1977-ல் இரண்டு வால்வு (விரலால் அழுத்தும் பித்தான்) வந்தது, 1990-ல் மூன்று, 2000-ல் ஜி சுருதியில்தான் இருக்க வேண்டும் என்ற கட்டாயமே போனது. அவர் காலத்து ஜி பியூகிளுக்கு ஒரு தனிச் சத்தம் உண்டு, அதை மறுக்கவே மாட்டேன். கொஞ்சம் முரட்டுத்தனமான, பளீரென்ற சத்தம். எல்லாரும் ஒரே நேர்கோட்டில் நின்று நம்மை நோக்கி நடந்துவந்து ஊதினால் நெஞ்சு எலும்பு அதிரும். அது போனதில் அவருக்கு வருத்தம் என்றால் அந்த வருத்தத்துக்கு மரியாதை கொடுங்கள். ஆனால் உங்கள் மகள் பக்கத்திலிருந்து பாருங்கள்: பள்ளியில் அவள் விரல் பழகிய அதே வாத்தியம், அதே சுருதி, அதே நோட்டு. கோடையில் மூன்று மாதம் அவள் கற்றது செப்டம்பரில் பள்ளிக்கும் பிறகு கல்லூரிக்கும் அப்படியே கூட வரும். ஜி பியூகிளில் பழகிய பிள்ளைகள் திரும்பிவந்து சுருதியையும் விரலையும் மறுபடி சரிசெய்துகொண்டிருந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

மைக் விஷயத்தில் எனக்குச் சொந்த அனுபவம் இருக்கிறது. ஒலிபெருக்கி 2004-ல்தான் அனுமதிக்கப்பட்டது, நான் வெளியே வந்த அடுத்த வருடம். என் காலத்தில், பின்னால் எழுபது பேர் பித்தளை ஊதும்போது முன்வரிசையில் வைத்த மரிம்பா ஸ்டேடியத்தின் மேல்வரிசைக்குக் கேட்க வேண்டும். எப்படிக் கேட்கும்? கல் மாதிரி கெட்டியான தலை வைத்த மாலெட்டை, அதாவது அடிக்கும் குச்சியை எடுத்து, கையைத் தலைக்கு மேல் வரை ஓங்கி அடிப்போம். மரிம்பா ரோஸ்வுட்டில் செய்வது, உள்ளங்கையால் தடவினாலே ஒரு முனகல் வரும், அப்படி ஒரு வாத்தியம். அதைத் தச்சுவேலை மாதிரி அடித்தோம். ஜூலை நடுவில் என் வலது மணிக்கட்டு வீங்கி, காலையில் பல் தேய்க்க முடியாமல் இடது கையால் தேய்த்தேன். கூட வாசித்த ஒரு பெண் இரண்டு மணிக்கட்டிலும் டேப் சுற்றிக்கொண்டுதான் தினமும் நிற்பாள். இப்போது நான் சொல்லிக்கொடுக்கும் பிள்ளைகள் மென்மையான மாலெட்டில், கச்சேரி மேடையில் வாசிப்பது போலவே வாசிக்கிறார்கள், மைக் சத்தத்தைப் பார்த்துக்கொள்கிறது. பாரம்பரியம் ஒன்று போனது, பிள்ளைகளின் கை பிழைத்தது. இந்தக் கணக்கில் எனக்குச் சந்தேகமே இல்லை.

2009-ல் சிந்தசைசர் வந்ததை நான் இவ்வளவு மனதாரச் சொல்ல மாட்டேன். ஒரு பையன் ஒரு கட்டையை அழுத்தினால் பத்து ட்யூபா சேர்ந்து தரும் அடிநாதம் கிடைத்துவிடுகிறது, அதே அடிநாதத்துக்காகத் தோளில் ட்யூபாவோடு ஓடிக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு அது நியாயமில்லை என்று நினைக்கிறேன். இதில் நான் உங்கள் ஆசிரியர் கட்சி.

யூனிஃபார்மும் நடனமும் மாறிய கதை இது. 1983 வரை நடுவர்கள் வரிசைகளுக்கு நடுவிலேயே நடந்துவந்து தவறுக்கு 0.1 புள்ளி என்று கழித்துக்கொண்டே போவார்கள், கால் ஒன்று தப்பினால் கழிவு, ஸ்னேர் ட்ரம் ஒரு தட்டு முந்தினால் கழிவு. அந்த முறை போனபிறகு, தப்பில்லாமல் நடப்பதை விட எதை எவ்வளவு அழகாகச் செய்கிறாய் என்பது முக்கியமானது. கோடு வளைவானது, வளைவு ஓட்டமானது, ஓட்டம் நடனமானது. 2016-ல் புளூகோட்ஸ் என்ற கோர் பாரம்பரியத் தொப்பி இல்லாமல், சறுக்குப் பலகைகளில் ஏறி இறங்கி முதல் முறையாகப் பட்டம் வென்றபோது பழையவர்கள் பலர் வாயடைத்துப் போனார்கள். அதன்பிறகு ஒவ்வொரு வருடமும் புது உடை என்பது பல கோர்களுக்கு வழக்கமாகிவிட்டது. இதனால் பிள்ளைகளின் உடம்புக்கு வேலை கூடியிருக்கிறது. ஊதிக்கொண்டே மண்டியிட்டு, உருண்டு, எழுந்து ஓட வேண்டும். அதனால் உங்கள் முதல் கேள்வி இது: சுற்றுப்பயணம் முழுக்க, காயங்களைக் கவனிக்கும் அத்லெடிக் டிரெய்னர் ஒருவர் கூடவே வருகிறாரா, அல்லது அடிபட்டால் ஊருக்கு ஊர் அவசர சிகிச்சையைத் தேடிப் போகிறார்களா?

சரி, இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன்.

1934-ல் நியூ ஜெர்சியில் கார்ஃபீல்டு என்ற சிறிய ஊரில் ஹோலி நேம் என்ற கத்தோலிக்கப் பங்கு தன் பிள்ளைகளுக்காக ஒரு கோர் தொடங்கியது. அதுதான் பின்னாளில் தி கேடட்ஸ் என்று பெயர் பெற்று பத்து முறை டி.சி.ஐ. பட்டம் வென்றது. அந்தக் காலத்துக் கோர் எல்லாமே இப்படித்தான், ஒரு தெருவுடையது, ஒரு பங்குடையது, ஒரு ஊருடையது. பிள்ளைகள் நடந்தோ சைக்கிளிலோ பயிற்சிக்கு வந்தார்கள். செலவுக்கு அம்மாக்கள் பங்கு மண்டபத்தில் பிங்கோ நடத்தினார்கள், கேக் விற்றார்கள், காசில்லாத வீட்டுப் பிள்ளை வெளியே நிற்கவில்லை. கோர்கள் நூற்றுக்கணக்கில் இருந்தன. தோற்றாலும் சனிக்கிழமை இரவு வீட்டுக்குத்தான் வருவார்கள்.

இன்று டி.சி.ஐ.-யின் முதல் வகுப்பான வேர்ல்டு கிளாஸில் இருபதுக்கு முன்னே பின்னே கோர்கள் இருக்கின்றன. டெக்ஸாஸ் பிள்ளை கலிஃபோர்னியாவுக்கு ஆடிஷன் போகிறது, ஃப்ளோரிடாப் பிள்ளை ஒஹையோவுக்கு, ஜப்பானிலிருந்து கூட வருகிறார்கள். வாசிப்பின் தரம் நாங்கள் கனவில் கூட நினைக்காத உயரத்துக்குப் போய்விட்டது. ஆனால் மாதாமாதம் நடக்கும் பயிற்சி முகாமுக்கு விமானத்தில் போக முடிந்த வீட்டுப் பிள்ளைகளுக்குத்தான் அந்த உயரம். மேடைப்பொருட்கள், அவற்றை ஏற்ற இன்னொரு லாரி, ஒலி அமைப்பு, நடன அமைப்பாளர் என்று ஒவ்வொரு புதுமையின் செலவும் கடைசியில் பிள்ளையின் ஃபீஸில் வந்து உட்காருகிறது. பித்தளையின் சுருதி மாறியதற்கு வருத்தப்படுபவர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள், பங்கு மண்டபத்து ஏழைப் பிள்ளை எங்கே போனான் என்று கேட்பவர்கள் குறைவு. என்னிடம் கேட்டால், கோர் இழந்த பாரம்பரியம் அது ஒன்றுதான், அதற்காக மட்டும் எனக்கு இன்னும் மனம் வலிக்கிறது.

ஊர் என்று ஒன்று பின்னால் இல்லாததால் கோர்கள் சுலபமாகச் சாயவும் செய்கின்றன. சான்டா கிளாரா வான்கார்ட் என்ற கோர் 2023-ல் பணப் பிரச்சினையால் அந்தக் கோடை முழுக்கக் களத்தில் இறங்கவில்லை, 2024-ல் திரும்ப வந்தார்கள். அதே 2024-ல், கோடைக்குச் சில வாரங்கள் இருக்கும்போது, கேடட்ஸ் தொண்ணூறு வருடத்துக்குப் பிறகு மூடப்பட்டது. 1980-களில் நடந்ததாகச் சொல்லப்பட்ட பாலியல் வன்முறை குறித்து தொடரப்பட்ட வழக்கின் பணச்சுமையைத் தாங்க முடியவில்லை என்று நிர்வாகமே அறிவித்தது. பை கட்டிக்கொண்டிருந்த பிள்ளைகளின் நிலைமையை நினைத்துப் பாருங்கள். ஆகவே உங்கள் இரண்டாவது கேள்வி கூச்சமில்லாமல் பணத்தைப் பற்றி இருக்கட்டும்: கோர் இந்தக் கோடையில் இறங்காமல் போனால் கட்டிய ஃபீஸ் திரும்புமா, அவளுக்கே அடிபட்டு நடுவில் வந்துவிட்டால் எவ்வளவு திரும்பும், தவணையில் கட்டலாமா, உதவித்தொகை உண்டா. எழுத்தில் வாங்குங்கள். லாப நோக்கமற்ற அமைப்புகள் ஆண்டுதோறும் அரசுக்குத் தாக்கல் செய்யும் படிவம் 990-ஐ இணையத்தில் யாரும் பார்க்கலாம், அவள் அப்பா ஒரு மாலை உட்கார்ந்து மூன்று வருடக் கணக்கையும் படித்துவிடட்டும். அவர் அரை மனதுக்கு நல்ல வேலை.

கேடட்ஸ் விஷயத்தில் இன்னொன்றும் இருக்கிறது. "பாரம்பரியம்" என்ற வார்த்தைக்குப் பின்னால் நிறைய ஒளித்து வைக்கலாம். என் முதல் வருடத்தில், எங்கள் கோரில் புதிதாகச் சேர்ந்தவர்களை முதல் நீண்ட பயண இரவில் ஒவ்வொருவராக பஸ்ஸின் நடுவில் நிற்கவைத்து, மூத்தவர்களுக்குப் போதும் என்று தோன்றும் வரை பாடச் சொல்வார்கள். கேட்க விளையாட்டாக இருக்கிறதா? இரவு ஒன்றரை மணி, பன்னிரண்டு மணி நேரப் பயிற்சி முடிந்த உடம்பு, சுற்றி இருட்டில் சிரிப்பு. எனக்கு அடுத்து நின்ற பையனுக்குத் திக்குவாய் இருந்தது. அவனை உட்கார விடவே இல்லை. முன் இருக்கையில் பயிற்சியாளர் ஒருவர் விழித்துக்கொண்டுதான் இருந்தார், தலையைத் திருப்பவில்லை. மறுநாள் நான் கேட்டதற்கு "எங்களுக்கும் நடந்தது, அதுதான் இங்கே வழக்கம்" என்றார். அந்தப் பையன் அடுத்த வருடம் வரவில்லை. நானும் அன்று எழுந்து எதுவும் சொல்லவில்லை, அது இன்றும் உறுத்துகிறது.

இந்த வழக்கங்கள் போனது நல்லதற்குத்தான், போகாத இடத்தில் போக வேண்டும். 2018-ல் பெரிய பாலியல் குற்றச்சாட்டுகள் வெளிவந்த பிறகு விதிகள் இறுக்கப்பட்டிருக்கின்றன. ஆனால் காகிதத்தில் உள்ள விதி இரவு ஒன்றரை மணிக்கு பஸ்ஸில் இருக்கிறதா என்பதுதான் உங்கள் கவலையாக இருக்க வேண்டும். கேளுங்கள்: ஒவ்வொரு பஸ்ஸிலும் பெரியவர்கள் யார், எத்தனை பேர்? ஜிம்மில் இரவு யார் விழித்திருக்கிறார்கள்? எல்லாருக்கும் பின்னணிச் சோதனை செய்திருக்கிறதா? அவளுக்கு 17 தான், 21 வயதுக்காரர்களோடு அதே தரையில் படுக்கிறாள், 18 வயது நிரம்பாதவர்களுக்குத் தனி ஏற்பாடு என்ன? யாராவது தவறாக நடந்தால் கோருக்கு வெளியே யாரிடம் சொல்லலாம்? கோபப்படாமல், தாமதிக்காமல், தெளிவாகப் பதில் வந்தால் நல்ல இடம். "நாங்கள் எல்லாம் ஒரு குடும்பம், கவலைப்படாதீர்கள்" என்ற பதில் மட்டும் வந்தால் எனக்குப் போதாது, உங்களுக்கும் போதக்கூடாது.

பெண்பிள்ளை என்பதால் இதையும் சொல்கிறேன். மேடிசன் ஸ்கவுட்ஸ் 1938 முதல் ஆண்களுக்கு மட்டுமாக இருந்த கோர், 2019-ல்தான் எல்லாருக்கும் கதவைத் திறப்பதாக அறிவித்தார்கள். பழைய உறுப்பினர்களில் சிலர் கண்ணீர் விட்டார்கள், தோளோடு தோள் கோத்து ஒரே குரலில் பாடிய சகோதரத்துவம் போகிறதே என்று. அந்தக் கண்ணீர் பொய்யில்லை. ஆனால் நன்றாக வாசிக்கும் ஒரு பெண்ணை வாசலில் நிறுத்தி "நீ கேட்டு ரசிக்கலாம்" என்று சொல்வதை எந்தப் பாரம்பரியத்தின் பெயராலும் என்னால் ஏற்க முடியாது. உங்கள் மகள் இன்று எந்தக் கோரைத் தேர்ந்தெடுப்பது என்று யோசிப்பதற்குப் பின்னால், பல வருடம் வாசலில் நின்ற பெண்கள் இருக்கிறார்கள்.

அப்படியானால் மாறாதது எது என்று கேட்பீர்கள். காலை ஆறரைக்கு ஜிம் விளக்கைப் போடுவார்கள். இரவே காற்று இறங்கிய மெத்தையைச் சுருட்டிக்கொண்டு, ஒரு கேலன் தண்ணீர்க் குடத்தோடு வெளியே வருவாள். லாரியிலேயே சமையலறை கட்டியிருப்பார்கள், தன்னார்வலர் பெற்றோர் முட்டையும் ஓட்ஸும் போடுவார்கள் (நீங்கள் சைவம் என்றால் இப்போதே எழுதிச் சொல்லுங்கள், முன்னால் சொன்னவர்களுக்கு நன்றாகவே பார்த்துக்கொள்கிறார்கள்). அப்புறம் மைதானம். ஐந்து கெஜத்துக்கு எட்டு அடி, ஒரு அடி இருபத்திரண்டரை அங்குலம், அதே எட்டு அடியை நூறு தடவை. முப்பது நொடி இசைக்கு ஒரு முழு மதியம் போகும். வலப்பக்கம் நிற்பவள் களைத்தால் இவளுடைய மூச்சில் அது தெரியும். 1950-ல் நியூ ஜெர்சியில் நடந்த பிள்ளைக்கும் எனக்கும் உங்கள் மகளுக்கும் இந்த மதியம் ஒன்றுதான். உங்கள் ஆசிரியரையும் நல்ல ஆசிரியராக ஆக்கியது ஜி பியூகிள் என்று நான் நினைக்கவில்லை, இந்த மதியங்கள்தான். அவரிடமே கேட்டுப் பாருங்கள், பியூகிளை மறந்துவிட்டு பக்கத்தில் நின்றவனைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்.

பதில்கள் திருப்தியாக வரவில்லை என்றாலோ பணம் கட்டுக்குள் அடங்கவில்லை என்றாலோ, வீட்டில் கதவைச் சாத்திவிடாதீர்கள். அடுத்த நிலையான ஓப்பன் கிளாஸ் கோர்களில் செலவு பொதுவாகக் குறைவு, பயணமும் சிறியது, முதல் கோடைக்கு நான் அதைத்தான் பலருக்குச் சொல்கிறேன். வயது வரம்பில்லாத கோர்களும் இருக்கின்றன, அவை பெரும்பாலும் வார இறுதியில்தான் கூடும். 17 வயதுக்கு இன்னும் நான்கு கோடைகள் மிச்சம் இருக்கின்றன, இந்த வருடமே ஆக வேண்டும் என்ற அவசரம் அவளுக்கு இருக்கலாம், உங்களுக்கு வேண்டாம்.

அடுத்த மாத முகாமுக்கு அவளைத் தனியாக விமானம் ஏற்றாமல் நீங்களும் கூடப் போங்கள். ஞாயிறு மதியம் முகாம் முடியும்போது பெரும்பாலும் பெற்றோருக்காக ஒரு முறை வாசித்துக் காட்டுவார்கள், நீங்கள் ஒரு மணி நேரம் முன்பே போய் ஓரமாக உட்காருங்கள். ஒரு பிள்ளை தப்பாக வாசித்தால் பயிற்சியாளர் என்ன செய்கிறார், இடைவேளையில் புதியவர்கள் தனியாக நிற்கிறார்களா, யாராவது போய்ப் பேசுகிறார்களா என்று பாருங்கள். போகும்போது அவளுக்கு நல்ல காதடைப்பான் ஒரு ஜோடி வாங்கிக் கொடுத்துவிடுங்கள், மெலோஃபோன் வரிசைக்குப் பக்கத்தில் ஸ்னேர் வந்து நிற்கும் இடங்கள் நிச்சயம் இருக்கும்.